அத்தியாயம் 7: மூன்றாம் மாடியில் இராச்சாப்பாடு

திருகோணமலைக்கு வரும் வெளியூர்க்காரர் பலர் ஊருக்குள் ஒரு வாய் சாப்பிடாமலே திரும்பிவிடுகிறார்கள். காலையில் கோணேசர் கோயில், வெயில் ஏறமுன் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், பின்னேரம் உப்புவெளி அல்லது நிலாவெளிக் கடற்கரை. சாப்பாடும் கடற்கரை விடுதியிலேயே முடிந்துவிடும். அங்கே மெனு அட்டையில் பீட்சா இருக்கும், பாஸ்தா இருக்கும். மீன் கேட்டால் எலுமிச்சையும் வெண்ணெயும் பூசி வரும். உறைப்பாக வேண்டுமென்றால் பரிமாறுகிறவர் உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஊர்ச்சனம் குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போகும் இடம் வேறு. துறைமுகத்தை ஒட்டிய வீதிகளில் கீழே ஒரு கடை, அதற்குமேல் மின்விசிறி சுழலும் ஒரு சாப்பாட்டு அறை, அதற்கும் மேலே மொட்டைமாடியில் தகரமோ கிடுகோ போட்டு ஏழெட்டு மேசை. விளம்பரம் இருக்காது. வாசலில் நின்றால் மாடி இருப்பதே தெரியாது. கல்லாவில் இருப்பவர் சொன்னால்தான் உண்டு: “மேல போய் இருங்கோ, காத்து வரும்.”

இந்த அத்தியாயத்தில் கடைப்பெயர் எதுவும் கிடையாது. மொட்டைமாடிக் கடைகளின் ஆயுள் குறைவு. சமையற்காரர் மாறினால் கடையே மாறிப்போகும். அதனால் நல்ல மாடியை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லித் தருகிறேன்.

ஏன் மாடி ஏற வேண்டும்

உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. அதற்காகத்தான் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்து அடிபட்டார்கள். ஆனால் தரையில் நிற்கிறவனுக்கு அந்தத் துறைமுகம் துண்டு துண்டாகத்தான் தெரியும். டொக்யார்ட் பக்கம் கடற்படைத் தளம். 1803 முதல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் பெற்ற கோட்டைக்குள் இராணுவ முகாம். கோயிலுக்குப் போகும் பாதையும் அந்தக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகிறது. உட்துறைமுக வீதியில் நடந்தால் தண்ணீர் கொஞ்சம் கண்ணில் படும். மிச்சமெல்லாம் மதிலுக்கும் முட்கம்பிக்கும் பின்னால்.

மூன்றாம் மாடி ஏறுங்கள், படம் முழுசாகும். நகரம் இரு நீர்களுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். நல்ல மாடியென்றால் கதிரையைத் திருப்பினாலே இரண்டும் தெரியும். சூரியன் உட்துறைமுகத்துக்கு அப்பால், சீனன்குடாப் பக்கம் இறங்கும். அந்தக் கரையில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள் இருக்கின்றன. இருட்டியதும் தண்ணீர் ஓரத்தில் தொழிற்சாலை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும்.

அந்த விளக்குகளுக்கும் உங்கள் தட்டுக்கும் சம்பந்தம் உண்டு. இலங்கையில் கோதுமை விளைவதில்லை, கப்பலில் வருகிறது. 1980 முதல் சீனன்குடாவில் பிரீமா மாவாலை அதை அரைக்கிறது. வீச்சு ரொட்டியும் பராட்டாவும் கொத்தும் அந்த மாவில் பிறந்த பிள்ளைகள். அதே குடாக் கரையில் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை. தட்டில் இருக்கும் மாவும், காலுக்குக் கீழே இருக்கும் கொங்கிரீட்டும் இந்தத் தண்ணீரைத் தொட்டு வந்தவையாக இருக்கக் கூடும்.

மாடியைச் சுற்றிப் பாருங்கள். தூண்களின் தலையில் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். சிலவற்றில் வெறும் போத்தலைக் கவிழ்த்திருப்பார்கள். அடுத்த மாடி கட்டுவதற்கு விட்டுவைத்த கம்பிகள் அவை. காசு சேரும்வரை அந்த வெளியில் நாலு மேசை போட்டால் வருமானம் என்ற கணக்கில் தொடங்கியவைதான் இந்தக் கடைகளில் பல.

கண்டுபிடிக்கும் வழி

பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தாலே போதும். மத்திய வீதி, பிரதான வீதி, டொக்யார்ட் வீதி, உட்துறைமுக வீதி, அவற்றை இணைக்கும் குறுக்கு வீதிகள். பின்னேரம் 6 மணிக்குப் பிறகு ஒரு சுற்று வாருங்கள். கவனிக்க வேண்டியவை ஐந்து.

1. சத்தம். கொத்துப் போடும் இரும்புத் தகடுகளின் தாளம் ஒரு வீதிக்கு அப்பாலும் கேட்கும். ஒரே சீராக, நிற்காமல் கேட்டால் ஓடர் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். இடைவெளி விட்டுக் கேட்டால் அடுத்த கடையைப் பாருங்கள்.

2. படிக்கட்டு. மேலே போகும் படியில் சோடாப் பெட்டியும் வெங்காய மூட்டையும் அடுக்கியிருந்தால் மேல்மாடி பெயருக்குத்தான் இருக்கிறது. தட்டு ஏந்திய பையன்கள் ஏறி இறங்கி நடுப்படி தேய்ந்திருந்தால் நம்பி ஏறலாம்.

3. சனம். பிள்ளைகளோடு வந்த குடும்பம், சீருடை மாற்றாத துறைமுக ஊழியர், மாகாண சபை அலுவலகத்திலிருந்து வந்த நாலைந்து பேர். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் போதும். ஆண்கள் கூட்டம் மட்டும் இருந்து மேசைக்குக் கீழே போத்தல் தெரிந்தால் குடும்பத்தோடு வந்தவர்கள் இறங்கிவிடுவது நல்லது.

4. விலைப்பலகை. தமிழிலும் சிங்களத்திலும் கையால் எழுதி, முடிந்துபோன சாமான்களை அழித்திருந்தால் அன்றாடம் சமைக்கிற கடை. நூறு வகைச் சாப்பாட்டுக்குப் படம் போட்டிருந்தால் பாதி குளிர்ப்பெட்டியிலிருந்து வரும்.

5. கை கழுவும் இடம். மேல்மாடியிலேயே பேசின் இருந்து, குழாயில் தண்ணீர் வந்து, சவர்க்காரமும் இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும். கை கழுவ இரண்டு மாடி இறங்கச் சொல்லும் கடையில் நான் இருப்பதில்லை.

காற்றைப் பார்த்து இடம் பிடித்தல்

மொட்டைமாடியில் சாப்பிடுகிறவன் முதலில் கேட்க வேண்டியது மெனுவை அல்ல, காற்றை.

*பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை:* மழை ஓய்ந்திருக்கும், வெக்கை இன்னும் முற்றியிருக்காது. எந்தப் பக்கமும் இருக்கலாம்.

*மே முதல் செப்டம்பர் வரை:* கச்சான் காலம். மேற்குக் கரையில் மழை கொட்டும் அதே பருவக்காற்று மலையைத் தாண்டி இங்கே வரும்போது காய்ந்து, சூடேறி வீசும். கடற்கரை விடுதிகள் நிரம்பி வழியும் மாதங்களும் இவைதான். உட்துறைமுகம் பார்த்த மேசைக்கு ஆசைப்படாதீர்கள். தண்ணீர்த் தாங்கிக்கோ படிக்கட்டு அறைக்கோ கிழக்கே மறைவான மேசையாகப் பாருங்கள். ஒரு ஆடி மாதத்தில் நான் மேற்கு ஓரத்தில் அமர்ந்தேன். கை துடைக்க வைத்த கடதாசி முழுதும் பக்கத்து மேசைப் பெரியவரின் சொதிக்குள் போய் விழுந்தது. அவர் கோபிக்கவில்லை. “தம்பி புதுசோ?” என்று மட்டும் கேட்டார்.

*ஒக்டோபர் முதல் ஜனவரி வரை:* வாடை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் மழை சொல்லாமல் வரும். தகரக் கூரை உள்ள மாடியாகத் தேடுங்கள். மழைச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் பல கதவுகள் சாத்தியிருக்கும் இந்தக் காலத்திலும் ஊர்க்கடைகள் வழமைபோல் இயங்கும்.

பகலில் மாடி வேண்டாம். வெயில் ஒரு காரணம், காகம் மறு காரணம். நீங்கள் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கும் நேரம் போதும், மீன் பொரியல் எதிர்வீட்டுக் கூரைக்குப் போய்விடும். மத்தியானச் சோற்றுக்குக் கீழ்மாடியே நல்லது.

நாள் பார்க்க வேண்டுமா

வேண்டும். இது மூவினத்தாரும் கலந்து வாழும் ஊர். ஒவ்வொரு கடைக்கும் தன் நாட்காட்டி உண்டு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும். மாலையில் மஃரிப் பாங்கு சொன்னதும் கொத்துக் கல்லுக்கு முன் நிற்பவர் தொழப் போய்வரச் சிறிது நேரம் ஆகலாம். அந்தி சாயமுன்பே ஓடரைக் கொடுத்துவிடுங்கள். நோன்பு மாதத்தில் பகலில் அடுப்பு எரியாது. ஆனால் நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சியும் சமோசாவும் கிடைக்கும் கடைகளை விசாரித்துப் போங்கள், வீண்போகாது.

வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் பல சைவ வீடுகளில் மச்சம் இல்லை. அன்று நகரத்துச் சைவக் கடைகளில் கூட்டம் கூடும். மாடிக் கடையிலும் மரக்கறிக் கொத்து கேட்டால் போட்டுத் தருவார்கள், ஆனால் கல்லும் தகடும் ஒன்றுதான். கண்டிப்பான சைவக்காரர் இதை நினைவில் வைத்துச் சைவக் கடைக்கே போகவும். பௌர்ணமிப் போயா தினத்தில் நாடெங்கும் மதுவிற்பனை இல்லை.

என்ன சாப்பிடலாம்

*மத்தியானம்: சோறும் கறியும்.* மூன்று நான்கு மரக்கறி, பருப்பு, அப்பளம், பொரித்த மிளகாய், அதோடு மீனோ கணவாயோ. சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். மீன் துண்டுக்குத் தனிக் காசு.

*பின்னேரம்: பிளேன்டீயும் கடியும்.* கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், வடை, மீன் பணிஸ் கொண்டுவந்து வைப்பார்கள். பயப்பட வேண்டாம், எடுத்ததற்கு மட்டும்தான் கணக்கு. எடுக்காததைத் தொட்டுப் பார்த்துத் திருப்பி வைப்பது மட்டும் கூடாது.

*இரவு: கொத்து.* கொத்து ரொட்டி கிழக்கில் பிறந்தது என்று கிழக்கு மக்கள் உரிமை கொண்டாடுவார்கள். நீங்கள் மறுக்க வேண்டாம். மேலே ஏறமுன் கொத்துக் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். கொத்துப் போடுபவர் எண்ணெயில் ஊறிய மாவுருண்டையை உள்ளங்கையால் தட்டி, வீசி, மறுபக்கம் தெரியுமளவு மெல்லிசாக்கிக் கல்லில் போடுகிறார். ஆறிய ரொட்டிகளை அடுக்கி நறுக்கி ஒரு பக்கம் ஒதுக்குகிறார். வெங்காயம், கறிவேப்பிலை, பச்சைமிளகாய், லீக்ஸ் எண்ணெயில் வதங்க, முட்டை இரண்டு உடைகிறது. அதன்மேல் ரொட்டி, அதன்மேல் ஒரு அகப்பைக் குழம்பு. பிறகுதான் இரண்டு தகடுகளும் இறங்குகின்றன. குழம்பு ரொட்டிக்குள் ஏறியதா என்பதை அவர் கண்ணால் பார்ப்பதில்லை. தகடு கல்லில் படும் சத்தம் மந்தமானால் ஈரம் மிச்சம், கணீரென்றால் முடிந்தது. அந்தக் கணீருக்குப் பிறகு தாளத்தை இரண்டு முறை கூட்டி நிறுத்துகிறார். பையன் தட்டோடு வந்து நிற்கிறான்.

வகைகளைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். ரொட்டி பாரமென்றால் இடியப்பக் கொத்து அல்லது பிட்டுக் கொத்து. டொல்பின் கொத்து என்று பலகையில் இருந்தால் பதற வேண்டாம், அதில் டொல்பின் இல்லை. ரொட்டியைப் பொடியாக்காமல் பெரிய துண்டுகளாகவே விட்டுக் குழம்பில் புரட்டியது. எண்ணெய் ஆகாதவர்கள் அப்பம் கேட்கலாம்: வெள்ளை அப்பம் இரண்டு, முட்டை அப்பம் ஒன்று, தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல்.

*மீன்.* திருகோணமலையில் மீன் சாப்பிடாமல் போவது கோணேசரைப் பார்க்காமல் போவது மாதிரி. ஆனால் மீனைப் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது, இருப்பதைக் கேட்க வேண்டும்.

“தம்பி, இண்டைக்கு என்ன மீன்?”

“பாரை இருக்கு அண்ணே. விளைமீன் முடிஞ்சு.”

“அறுக்குளா?”

“பலகையில இருக்கு, சட்டியில இல்ல.”

இப்படிப் பதில் சொல்லும் பையன் இருக்கிற கடை நல்ல கடை. பலகையில் உள்ள எல்லாமே எந்நாளும் இருக்கிறது என்று சொல்லும் கடையில் மீன் வாங்காதீர்கள். நண்டும் பெரிய இறாலும் நிறையில் விற்பனை. சமைக்கமுன் எடை என்ன, விலை என்ன என்று கேட்டுவிட வேண்டும். முந்தி ஒருமுறை கூச்சத்தில் கேட்காமல் விட்டு, நண்டுக்கு மட்டும் மூன்று பேரின் கொத்துக் காசு கொடுத்தேன். தவறு கடைக்காரருடையதல்ல, என் வாயுடையது.

*கடைசியாகத் தயிர்.* மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர், மண்சட்டியில் வருவது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கமுன் அந்தப் பக்கத்துச் சனமும் சாமானும் பெரும்பாலும் துறை கடந்தே நகரத்துக்கு வரவேண்டியிருந்தது. இப்போது சட்டி தரைவழியே வருகிறது. மேலே பாணி ஊற்றித் தருவார்கள். கொத்தின் உறைப்புக்கு இதைவிட மருந்து இல்லை.

எப்படிக் கேட்பது

பரிமாறுபவர் இளையவரென்றால் தம்பி, வயது கூடியவரென்றால் அண்ணே, முஸ்லிம் கடைக்காரரென்றால் நானா. பெண்கள் நடத்தும் கடையில் அக்கா. ‘வெயிட்டர்’ என்று கூப்பிட்டால் யாரும் திரும்பமாட்டார்கள். கையைத் தட்டினால் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கொத்து ‘ஹாஃப்’, ‘ஃபுல்’ என்று இரண்டு அளவில் வரும். ஃபுல் ஒன்று இரண்டு பேருக்குத் தாராளம். முதல்தடவை போகிறவர் மூன்று வாசகத்தை மனப்பாடம் செய்தால் போதும்: “உறைப்புக் குறைவா”, “எண்ணெய் குறைவா”, “குழம்பு வேறயா”. மூன்றாவதுதான் முக்கியம். குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வாங்கினால் கடைசி வாய்வரை கொத்து சவத்துப்போகாது.

காத்திருக்கத் தயாராகப் போங்கள். சமையல் கீழே, நீங்கள் மேலே. சில கடைகளில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கயிற்றில் கட்டி வெளிச்சுவர் வழியே தட்டுகளை மேலே இழுப்பார்கள். கூடை வரும்போது கீழிருந்து ஒரு குரல் “மூணாம் மேசை!” என்று வரும். யார் மூன்றாம் மேசை என்பதில் மேலே சிறு வழக்கு நடக்கும்.

காசு

இந்தக் கடைகள் பலவற்றில் சேவைக் கட்டணம் சேர்ப்பதில்லை. பில்லைப் பார்த்துவிட்டு விரும்பினால் பையனின் கையில் ஏதாவது கொடுங்கள். கல்லாவில் கொடுத்தால் அது மேலே ஏறி வராது. காசாகவே கொண்டுபோங்கள். சில்லறையாக இருந்தால் கல்லாக்காரர் உங்களை மறக்கமாட்டார். விலைகள் அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை. பலகையில் விலை அழிந்திருந்தால் உட்காரமுன் கேளுங்கள்.

கவனம்

- படம் எடுத்தல்: சாப்பாட்டை எடுங்கள், சூரியனை எடுங்கள். கடற்படைத் தளத்தையும் கப்பல்களையும் இழுத்துப் பெரிதாக்கி எடுக்காதீர்கள். ட்ரோன் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம். சிக்கல் உங்களோடு நிற்காது, கடைக்காரருக்கும் போய்ச் சேரும்.
- கைப்பிடிச் சுவர்: வீடு கட்ட விட்ட வெளி என்பதால் சில மாடிகளில் சுவர் இடுப்புக்கும் கீழே நிற்கும். சிறு பிள்ளைகளை உள்பக்கக் கதிரையில் இருத்துங்கள். நீட்டிய கம்பிகளையும் பாருங்கள்.
- படி: மின்தூக்கி இருக்காது. முழங்கால் வருத்தம் உள்ள பெரியவர்களோடு போனால் கீழ்மாடியில் இருக்கலாம், கொத்து ஒன்றுதான்.
- போத்தல்: வெளியிலிருந்து மதுவைக் கொண்டுபோகாதீர்கள். அனுமதியில்லாத இடத்தில் குடித்தால் வழக்கு.
- மான்: கோட்டையைச் சுற்றித் திரியும் புள்ளிமான்கள் இரவில் வீதிக்கும் வரும். மிச்சச் சாப்பாட்டையோ பார்சல் சுற்றிய பொலித்தீனையோ வீதியில் போடாதீர்கள். மான் வயிற்றுக்குள் பொலித்தீன் போவது இந்த ஊரின் பழைய கவலை.

ஒரு மாலைக்கான ஒழுங்கு

பின்னேரம் 4.30க்குக் கோணேசர் மலையிலிருந்து இறங்குங்கள். 5.15 அளவில் உட்துறைமுக வீதியில் நடந்து, படகுத் துறையைப் பார்த்து வாருங்கள். 5.45க்கு மாடி ஏறி இடம் பிடித்து இஞ்சி பிளேன்டீ சொல்லுங்கள். மாதத்தைப் பொறுத்து 6 மணிக்கு முன்னும் பின்னுமாகச் சூரியன் இறங்கும். அந்த நேரம் பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும் ஒன்றன்பின் ஒன்றாக மாடிக்கு வரும். கீழே முதல் கொத்தின் சத்தம் தொடங்கும். 7.30க்குச் சாப்பாடு, 8.15க்குத் தயிர். இராக் கோச்சியில் கொழும்புக்குப் போகிறவர்கள் புறப்படும் நேரத்தைப் புகையிரத நிலையத்தில் முன்பே கேட்டு, இந்த ஒழுங்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் சில நிமிடம்தான், ஆனால் தயிர்ச்சட்டி முன்னால் இருக்கும்போது யாருக்கும் நேரம் தெரியாது.

கடைசியாக ஒன்று. நல்ல மாடியைக் கண்டுபிடித்தால் கடையைக் குறித்து வையுங்கள், எத்தனையாவது மாடி என்பதைக் குறிக்க வேண்டாம். இரண்டு வருடம் கழித்து நான் பழக்கமான கடையொன்றுக்குப் போய் வழமைபோல் மூன்றாம் மாடி ஏறினேன். அங்கே சுவர் எழுப்பி, யன்னல் வைத்து, வீட்டுக்காரரின் மகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே கையால் மேலே காட்டினாள். மேசைகள் இன்னொரு மாடி ஏறியிருந்தன. தூண்களின் தலையில் அதே மாதிரிக் கம்பிகள், அதே மாதிரிக் கவிழ்த்த போத்தல்கள். முந்தி எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கி மறைத்த இடத்தில் இப்போது கிழக்குக் கடல் தெரிந்தது.